வருகின்ற பட்டியலும் போகின்ற பட்டியலும்

மாதம் முடியப் போகின்றது என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கின்றது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் கைத்தொலைபேசியுடன் உட்கார்ந்துவிடுவான். நெட்பிளிக்ஸில் அடுத்த மாதம் என்ன புதிய படம் வருகின்றது, என்ன தொடர் வருகின்றது என்று தங்கைக்கு வாசித்துக் காட்டுவான். நான் அதில் காது கொடுப்பதில்லை. கடைக் கணக்குக் கொப்பி என் மடியில் இருக்கும்.

ஆனால் சென்ற மாதம் அவன் சொன்ன ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது.

"தங்கச்சி, அந்தத் தொடரை இந்தக் கிழமைக்குள்ள பார்த்து முடிச்சிரு. மாசக் கடைசியோட எடுத்துடுவாங்க."

"யாரு எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"வாறதுக்கு ஒரு லிஸ்ட் இருக்கிற மாதிரி போறதுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு வாப்பா."

"அவங்கட கடையில இருக்கிற சாமானை அவங்களே ஏன் எடுக்கணும்?"

"அது அவங்கட சாமான் இல்ல வாப்பா. வாடகைக்கு எடுத்தது."

நான் கணக்குக் கொப்பியை மூடிவிட்டேன். உலகத்திலேயே பெரிய படக்கடை, தன் தட்டில் இருக்கும் சரக்கில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கின்றது! படம் பார்ப்பது பற்றிய மார்க்க விடயத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். இந்தப் பத்தி வியாபாரத்தைப் பற்றியது. அந்தக் கம்பனியின் கதையில் நமது பஸார் வியாபாரிகள் கேட்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கின்றது. அதே பாடத்தை நான் என் கைக்காசைக் கொடுத்துப் படித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கெசட் கடைக் காலம்

எண்பதுகளின் கடைசியில் என் மாமா ஒருவர் எங்கள் ஊரில் வீடியோ கெசட் வாடகைக் கடை வைத்திருந்தார். பாடசாலை விட்டு வந்து மாலை நேரங்களில் நான் அங்கே நிற்பேன். அவரது கணக்கு மிகவும் சுலபமானது. ஒரு கெசட்டைக் காசு கொடுத்து வாங்குவார். இருபது பேருக்கு வாடகைக்கு விட்டால் போட்ட முதல் வந்துவிடும். இருபத்தோராவது வாடகையிலிருந்து இலாபம். நாடா அறுந்து போகும்வரை அந்தக் கெசட் அவருடைய சொத்து. யாரும் வந்து "மாதம் முடிந்துவிட்டது, திருப்பித் தா" என்று கேட்க முடியாது.

நெட்பிளிக்ஸும் இதே கணக்கில்தான் தொடங்கியது. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ரண்டொல்ப் என்ற இருவர் சேர்ந்து இதனை ஆரம்பித்தார்கள். 1998 ஏப்ரலில் சுமார் 925 டிவிடிக்களுடன் கடை திறந்தார்கள். கடை என்றால் கட்டடம் அல்ல. இணையத்தில் ஓடர் கொடுத்தால் தபாலில் டிவிடி வீட்டுக்கு வரும். 1999இல் மாதச் சந்தா முறைக்கு மாறினார்கள். பிந்திக் கொடுத்தால் தண்டப்பணம் இல்லை என்பது அவர்களது பெரிய கவர்ச்சி.

அவர்களுக்குப் பக்கபலமாக அமெரிக்கச் சட்டம் ஒன்று இருந்தது. அந்நாட்டில் ஒரு டிவிடியைக் காசு கொடுத்து வாங்கியவர் அதனை விற்கலாம், வாடகைக்கும் விடலாம். படக் கம்பனியிடம் மறுபடியும் அனுமதி கேட்கத் தேவையில்லை. என் மாமாவின் கணக்கும் அவர்களின் கணக்கும் ஒன்றுதான். வாங்கிய சரக்கு, சொந்தச் சரக்கு.

அந்தக் காலத்தில் பெரிய முதலாளி பிளொக்பஸ்டர் நிறுவனம். 2004இல் அவர்களுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. 2000ஆம் ஆண்டிலேயே நெட்பிளிக்ஸ்காரர்கள் அவர்களிடம் போய், 50 மில்லியன் டொலருக்கு எங்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் வாங்கவில்லை. 2010 செப்டெம்பரில் பிளொக்பஸ்டர் வங்குரோத்து அடைந்தது. இந்தக் கதையை நமது கருத்தரங்குகளில் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய கதை.

சொந்தச் சரக்கு வாடகைச் சரக்கானது

2007 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் படங்களை இணையத்தின் வழியே நேரடியாகக் காட்டத் தொடங்கியது. டிவிடி தேவையில்லை, தபால் செலவு இல்லை, கீறல் விழுமே என்ற பயமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இலாபம். ஆனால் உள்ளே ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. டிவிடியை வாங்கியவனுக்குச் சட்டம் கொடுத்த உரிமை, இணையத்தில் காட்டுகிறவனுக்குக் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் உரிமையாளரிடம் போய் ஒப்பந்தம் எழுத வேண்டும். இத்தனை மாதத்துக்கு, இந்த நாட்டுக்கு, இவ்வளவு பணம் என்று. பெரும்பாலும் அது கட்டுக்குத்தகை. பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் கொடுக்கும் தொகை ஒன்றுதான். தவணை முடிந்தால் படம் போய்விடும்.

மாதத்தின் முதலாம் திகதி பல படங்கள் வருவதும், கடைசித் திகதியில் பல படங்கள் மறைவதும் இதனால்தான். அது கடை வாடகைக்கு எடுப்பது போன்ற ஒன்று. முதலாம் திகதி சாவி கைக்கு வரும், கடைசித் திகதி சாவியைக் கொடுக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு பட்டியல் வேறுபடுவதற்கும் காரணம் இதுவே. 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் நெட்பிளிக்ஸ் புதிதாகத் திறக்கப்பட்டது. நமது நாடும் அதில் ஒன்று. ஆனால் அமெரிக்காவின் பட்டியலைப் பார்த்துவிட்டு இங்கே தேடினால் பல படங்கள் இருக்காது. ஒரே பிஸ்கட்டுக்குக் குருநாகலில் ஓர் ஏஜென்ட், மட்டக்களப்பில் வேறொரு ஏஜென்ட் இருப்பதில்லையா? அதே விடயம்தான்.

முதல் அடி

2008இல் நெட்பிளிக்ஸ், ஸ்டார்ஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. சோனி, டிஸ்னி போன்ற பெரிய கம்பனிகளின் படங்கள் அந்த வழியாக அவர்களது தட்டுக்கு வந்தன. ஆண்டுக்குச் சுமார் 30 மில்லியன் டொலர் என்று அப்போது பேசப்பட்டது. நல்ல மலிவு. இணையத்தில் படம் பார்ப்பது ஒரு வியாபாரமாக வளரும் என்று விற்றவர்கள் அன்று பெரிதாக எண்ணவில்லை.

மூன்று வருடத்தில் கடையில் சனம் நிரம்பிவிட்டது. விற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். 2011இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. நெட்பிளிக்ஸ் ஆண்டுக்கு 300 மில்லியன் டொலருக்கும் மேல் கொடுக்க முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. பழைய விலையின் பத்து மடங்கு! அதுவும் சரிவரவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஸ்டார்ஸ் கையை விரித்தது. 2012 பெப்ரவரி முடிவில் அந்தப் படங்கள் எல்லாம் தட்டிலிருந்து இறங்கின.

வியாபாரி இந்த இடத்தில் நிதானித்துப் பார்க்க வேண்டும். நெட்பிளிக்ஸ் இங்கே ஒரு பிழையும் செய்யவில்லை. நன்றாக விற்றது. அதுதான் விலை ஏறக் காரணம். பிறருடைய சரக்கை நாம் நன்றாக விற்க விற்க, சரக்குக்காரனுக்கு அதன் பெறுமதி தெரிய வருகின்றது.

சொந்தப் பெயரில் சரக்கு

அடி விழுந்தபின் புலம்பாமல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். உண்மையில் அடி விழும் முன்பே, 2011இல் அதனைத் தொடங்கிவிட்டார்கள். "ஹவுஸ் ஒப் கார்ட்ஸ்" என்ற தொடருக்கு, ஒரு காட்சிகூட எடுக்கப்படும் முன்பே, இரண்டு பருவங்களுக்கு உறுதி கொடுத்தார்கள். 100 மில்லியன் டொலர் என்று பேசப்பட்ட பேரம் அது. 2013 பெப்ரவரி 1ஆம் திகதி முதற் பருவத்தின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள்.

அந்தத் தொடரைத் தயாரித்தது வேறொரு நிறுவனம். முதலில் காட்டும் உரிமை மாத்திரமே நெட்பிளிக்ஸ் வாங்கியது. பெயர்ப்பலகை தம்முடையது, சரக்கு முழுதாகத் தம்முடையதல்ல. பிறகுதான் தாங்களே தயாரித்துத் தாங்களே உடைமையாக்கும் வழிக்கு வந்தார்கள். 2016இல் வந்த "ஸ்ட்ரேஞ்ஜர் திங்ஸ்" அப்படிப்பட்ட ஒன்று. அது "போகின்ற பட்டியலில்" வருமே என்ற பயம் அவர்களுக்கு இல்லை.

ஆனாலும் நீண்ட காலம் அவர்களுடைய கடையில் அதிகம் ஓடியவற்றுள் பழைய, பிறருடைய சரக்கும் இருந்தது. "ப்ரெண்ட்ஸ்" என்ற பழைய தொடரை 2019ஆம் ஆண்டு ஒரு வருடம் வைத்திருக்க மட்டும் சுமார் 100 மில்லியன் டொலர் கொடுத்ததாகச் செய்திகள் கூறின. அடுத்த வருடம் அதன் உரிமையாளர் தமது சொந்தச் சேவைக்கு எடுத்துக்கொண்டார். "தி ஒபிஸ்" என்ற தொடரின் கதை இன்னும் வேடிக்கை. 2020இல் அமெரிக்காவில் இணையவழியில் மிக அதிகம் பார்க்கப்பட்ட தொடர் அது. நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 57.1 பில்லியன் நிமிடங்கள். அந்த ஆண்டு முடிந்ததும் அதுவும் போய்விட்டது. கடையில் முதலிடத்தில் விற்ற சாமானை, முதலிடத்தில் விற்ற ஆண்டிலேயே உரிமையாளர் தூக்கிக்கொண்டு போனார்.

டிஸ்னி 2017இலேயே சொல்லிவிட்டது, எங்கள் படங்களை எடுத்துக்கொண்டு சொந்தக் கடை திறக்கப் போகிறோம் என்று. 2019 நவம்பர் 12இல் திறந்தது. முதல் நாளிலேயே 10 மில்லியன் பேர் பதிந்தார்கள்.

என்னுடைய கதை

இதை வாசிக்கும்போது எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது.

1998இல் ஒரு கம்பனியின் மின்விசிறி, ஸ்திரிக்கைப் பெட்டி வகைகளுக்கு எங்கள் பகுதி ஏஜென்சி எனக்குக் கிடைத்தது. கம்பனியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயரை எங்கள் பக்கம் அன்று யாருக்கும் தெரியாது. ஒரு பழைய வேனில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். கடன் கொடுத்தேன். பழுதானவற்றை என் செலவில் திருத்திக் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் எங்கள் பகுதியில் அந்தப் பெயர் இல்லாத மின்சாரச் சாமான் கடை இல்லை என்றாயிற்று. மாதாமாதம் எந்தக் கடைக்கு எவ்வளவு போட்டேன் என்ற கணக்கைக் கம்பனிக்கு அனுப்புவேன். அதற்காக எனக்குப் பாராட்டுக் கேடயமும் தந்தார்கள்.

2009இல் ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது. மூன்று மாதத்தில் அதே வீதியில் அவர்களின் சொந்தக் காட்சியறை திறக்கப்பட்டது. நான் அனுப்பிய கணக்குகளில் இருந்த கடைகளுக்கெல்லாம் அவர்களின் லொறி போனது. நான் பழக்கிய இரண்டு பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள். என்னிடம் மிஞ்சியது வசூலாகாத கடனும் ஒரு பெயர்ப்பலகையும். அந்தப் பலகையிலும் அவர்களின் பெயர் பெரிதாக இருந்தது. என் பெயர் அடியில் சிறிதாக இருந்தது.

நீண்ட நாள் அவர்களை ஏசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஒப்பந்தத்தை எடுத்து முழுதாக வாசித்தேன். எல்லாம் எழுதியிருந்தது. மூன்று மாத அறிவித்தலுடன் நிறுத்தலாம் என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. பதினொரு வருடமாக நான் வாசிக்காத பக்கம் அது. அவர்கள் ஒப்பந்தப்படிதான் நடந்தார்கள். வாடகைச் சரக்கைச் சொந்தச் சரக்கு என்று நினைத்தது என் பிழை.

என்னைக் காப்பாற்றியது கடையின் மூலையில் இருந்த ஒரு தட்டு. பிளக், ஹோல்டர், வயர் போன்ற சில்லறைச் சாமான்களை மொத்தமாக எடுத்து, என் சொந்தப் பெயரில் பைக்கற் பண்ணி விற்றுக்கொண்டிருந்தேன். சின்ன இலாபம். யாரும் கேடயம் தரவில்லை. ஆனால் அந்தத் தட்டுக்கு யாரும் கடிதம் அனுப்ப முடியவில்லை.

சரக்குக்காரனும் படித்த பாடம்

கதை இத்துடன் முடியவில்லை. சரக்கு கையில் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்தவர்களும் அடிபட்டார்கள். சொந்தக் கடை திறந்த டிஸ்னி, 2022 ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மூன்று மாதத்தில் மட்டும் அந்தக் கடைப் பிரிவில் சுமார் 1.47 பில்லியன் டொலர் நட்டமடைந்தது. கடை நடத்துவது வேறு தொழில் என்பது அப்போது விளங்கியது. 2023 டிசம்பரில் டிஸ்னி தன் தொடர்கள் சிலவற்றை நெட்பிளிக்ஸுக்கே கொடுக்க இணங்கியது.

இதற்குச் சிறந்த உதாரணம் "சூட்ஸ்" என்ற தொடர். 2011 முதல் 2019 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடி முடிந்த பழைய சரக்கு. 2023 ஜூனில் அதனை அமெரிக்க நெட்பிளிக்ஸில் வைத்தார்கள். அந்த ஆண்டு 57.7 பில்லியன் நிமிடங்கள் பார்க்கப்பட்டு "தி ஒபிஸ்" தொடரின் கணக்கையும் தாண்டியது. புதிதாக ஒரு காட்சிகூடச் சேர்க்கப்படவில்லை. களஞ்சியத்தில் தூசு பிடித்துக் கிடந்த சாமானைச் சனம் நடமாடும் கடையின் முன்தட்டில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆக, சரக்குக்காரனிடம் சரக்கின் பலம் இருக்கின்றது. கடைக்காரனிடம் வந்துபோகும் சனத்தின் பலம் இருக்கின்றது. என்னை நீக்கிய கம்பனியின் முகாமையாளர் ஐந்து வருடம் கழித்து என் கடைக்கு வந்து, "சில மின்விசிறிகளை வையுங்களேன்" என்று கேட்டார். வைத்தேன். வியாபாரத்தில் கோபம் பார்க்கக்கூடாது. ஆனால் ஒரேயொரு தட்டில் மட்டும் வைத்தேன்.

புதுச் சரக்கின் ஆயுள்

மாதாமாதம் புதிய பட்டியல் எதற்கு என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சந்தாக்காரன் எந்த மாதமும் நிறுத்திவிட்டுப் போகலாம். 2022இன் முதல் ஆறு மாதத்தில் நெட்பிளிக்ஸ் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாக்காரரை இழந்தது. அதன்பின் விளம்பரத்துடன் கூடிய குறைந்த விலைச் சந்தாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டின் சந்தாவில் பல வீடுகள் பார்ப்பதைத் தடுத்தார்கள். 2024 முடிவில் சந்தாக்காரர் தொகை 300 மில்லியனைத் தாண்டியது.

ஆனாலும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் வேலை ஓய்வதில்லை. 2022இல் "ஸ்ட்ரேஞ்ஜர் திங்ஸ்" நான்காம் பருவத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மே 27இலும் மற்றதை ஜூலை 1இலும் வெளியிட்டார்கள். முடிவைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு மாதச் சந்தா கட்ட வேண்டும். 2025இல் கடைசிப் பருவத்தை நவம்பரிலும் டிசம்பரிலுமாக மூன்றாகப் பிரித்தார்கள்.

அவர்களுடைய ஆண்டறிக்கையில் ஒரு வரி உண்டு. ஒரு படத்துக்கோ தொடருக்கோ போட்ட செலவில் 90 வீதத்துக்கும் மேல், அது வெளியாகி நான்கு வருடத்துக்குள் தேய்மானமாகக் கழிக்கப்படும் என்று எதிர்பார்க்கின்றார்களாம். ஆரம்பத்தில்தான் அதிகமானோர் பார்ப்பார்கள் என்பதால் தேய்மானமும் ஆரம்பத்திலேயே அதிகம். சொந்தச் சரக்காக இருந்தாலும் அது பழுக்கும் சரக்கு என்பதை அவர்கள் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கின்றார்கள். நம்மில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு முந்திய பெருநாள் துணிகளை இன்னும் வாங்கிய விலையிலேயே கையிருப்புக் கணக்கில் காட்டுகின்றோம்?

நமக்கு என்ன?

என் அனுபவத்தில் ஒவ்வொரு வியாபாரியும் வருடத்தில் ஒரு தடவையாவது தன் கடையைச் சுற்றிப் பார்த்து நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று, என் தட்டில் இருப்பவற்றில் எவை என்னுடையவை, எவை பிறர் ஒரு கடிதத்தில் எடுத்துவிடக் கூடியவை? இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள்.

இரண்டு, என் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கம்பனியின் சரக்கா? அப்படியானால் நன்றாக விற்கின்றோம் என்று சந்தோஷப்படும் அதே நேரத்தில் கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

மூன்று, என் வாடிக்கையாளரின் விபரம் யாரிடம் இருக்கின்றது? என்னிடம் மட்டுமா, கம்பனியிடமுமா? நான் கேடயத்துக்காகக் கொடுத்த கணக்கை நினைத்துப் பாருங்கள்.

நான்கு, சொந்தப் பெயரில் ஒரு தட்டாவது இருக்கின்றதா? மசாலாத் தூளாக இருக்கலாம், பேக்கரிப் பண்டமாக இருக்கலாம், நல்ல திருத்த வேலையாகக்கூட இருக்கலாம்.

ஏஜென்சி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நெட்பிளிக்ஸ் இன்றும் பிறருடைய படங்களை வாடகைக்கு எடுக்கின்றது. அதனால் கடைக்குச் சனம் வருகின்றது. ஆனால் எது எப்போது போகும் என்ற பட்டியலும் அவர்கள் கையில் இருக்கின்றது. அந்தத் திகதிக்கு முன்பே அந்த இடத்தில் வைக்க இன்னொன்றைத் தயார்படுத்துகின்றார்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை என் சகோதரியின் மகன் வீட்டுக்கு வந்தார். ஒரு பெரிய கம்பனியின் மாவட்ட ஏஜென்சி கிடைக்கப் போகின்றதாம். உம்மாவின் காணியை ஈடுவைத்து வங்கியில் கடன் எடுக்க எல்லாம் ஆயத்தம். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, என்னென்ன சாமான் வருது தெரியுமா?" என்று ஒரு நீண்ட பட்டியலை விரித்தார்.

நான் முழுவதையும் பார்த்தேன். நல்ல சரக்குத்தான். பிறகு ஒப்பந்தத்தைக் கேட்டேன். கொண்டுவரவில்லை என்றார். "அதைக் கொண்டு வாங்க மகன். கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்போம். காணி உறுதியைப் பற்றி அதுக்குப் பிறகு பேசுவோம்" என்றேன்.

நாளை அஸருக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தளவில் நேரம் இருக்கின்றது.